விழித்திருக்கும் மயக்கம்

சென்ற ஆண்டு நம் பங்குத் திருவிழாவின் தேர்ப்பவனி முடிந்த மறுநாள் காலை, தாய் ஒருவர் துணிப்பையொன்றை மடியில் மறைத்தவாறு பங்கு இல்லத்திற்கு வந்தார். பைக்குள்ளிருந்து காலியான டின் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் மகன் திருவிழாவுக்கு வந்திருந்தான். அவனுடைய துணிகளைத் துவைக்க எடுத்தபோது இதைப்போல மூன்று கிடைத்தனவாம். "சாமி, இது சாராயமா?" என்று கேட்டார். டின்னின் மேல் அச்சிட்டிருந்ததை நாம் படித்துப் பார்த்தோம். காஃபீன் கலந்த ஊக்கபானம் அது. "இல்லையம்மா, இது மது அல்ல, காப்பியைப் போன்ற ஒன்று" என்று கூறினோம். அவர் முகம் தெளிந்தது. கும்பிட்டுவிட்டுப் போனார்.

நாம் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது பாதி உண்மை என்பதைப் பின்னர் இதுபற்றிப் படித்தறிந்தபோது உணர்ந்தோம். ஊக்கபானம் தனியே மது அன்று. ஆயினும் உலகின் பல கல்லூரி வளாகங்களில் அது மதுவின் கைபிடித்தே நடந்திருக்கிறது. அந்தத் தாய்க்கு நாம் அன்று தந்திருக்க வேண்டிய முழுப் பதிலையே இக்கட்டுரையில் எழுத முற்படுகிறோம். அதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும். போகும் வழியில் நம் சொந்த வீட்டு வாசலையும் கடக்க வேண்டியிருக்கும்.

மருந்தாய் வந்த மயக்கம்

மதுவையும் விழிப்பூட்டும் பொருளையும் ஒரே புட்டியில் அடைக்கும் எண்ணம் நம் காலத்து இளைஞருடைய கண்டுபிடிப்பு அன்று. கோர்சிக்காத் தீவில் பிறந்து பாரிசு நகரில் வாழ்ந்த ஏஞ்சலோ மரியானி என்ற மருந்தாளர், 1863-இல் பொர்தோ திராட்சை மதுவில் கோக்கா இலைகளை ஊறவைத்து 'வின் மரியானி' என்னும் பானத்தை விற்கத் தொடங்கினார். கோக்கா இலையிலிருந்துதான் கொக்கேயின் கிடைக்கிறது. அக்காலத்தில் அதன் கொடுமையை உலகம் இன்னும் சரிவர அறிந்திருக்கவில்லை. களைப்பைப் போக்கும், நரம்புக்கு வலுவூட்டும் என்று மருத்துவர்களே அதைப் பரிந்துரைத்தனர்.

அப்பானத்தைப் போற்றியவர்களுள், தொழிலாளர் உரிமைக்காக 1891-இல் புகழ்பெற்ற சுற்றுமடலை வரைந்த நம் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயரும் ஒருவர். அவர் மரியானிக்குப் பொற்பதக்கம் ஒன்றை வழங்கினார்; திருத்தந்தையின் உருவத்தைத் தாங்கிய விளம்பரத் தாள்கள் ஊரெங்கும் உலவின. அந்தப் பெரியவரைக் குறைசொல்வதற்காக இதை இங்கே குறிப்பிடவில்லை. தூய எண்ணமும் கூர்ந்த அறிவும் உடைய ஒருவர்கூட, 'மருந்து' என்ற பெயரோடு வரும் மயக்கத்தை அடையாளம் காணத் தவறலாம் என்பதற்காகவே குறிப்பிடுகிறோம்.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், உள்நாட்டுப் போரில் காயமுற்று மார்ஃபீனுக்கு அடிமையாகிவிட்ட ஜான் பெம்பர்ட்டன் என்ற மருந்தாளர் 1885-இல் இதே முறையில் கோக்கா மது ஒன்றைச் செய்தார். அடுத்த ஆண்டு அந்நகரில் மதுவிலக்கு வந்தது. மதுவை நீக்கிவிட்டு, கோக்காச் சாற்றையும் காஃபீன் தரும் கோலாக் கொட்டையையும் சர்க்கரைப் பாகில் சேர்த்து அவர் புதிதாக ஒன்றைச் செய்தார். இன்று உலகமெங்கும் விற்கும் கோக்கோ கோலாவின் பிறப்பு அதுவே. கொக்கேயின் பிற்காலத்தில் அதிலிருந்து நீக்கப்பட்டது, காஃபீன் நிலைத்துவிட்டது. மதுவும் ஊக்கியும் அன்று சட்டத்தின் கட்டாயத்தால் பிரிந்தன. அவை மீண்டும் சேரும் நாள் தொலைவில் இல்லை.

மடத்திலிருந்து ஒரு புட்டி

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் பக்ஃபாஸ்ட் என்னும் துறவற மடம் இருக்கிறது. பிரான்சிலிருந்து வெளியேற்றப்பட்ட புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் 1882-இல் அங்கே குடியேறினர். பிற்காலத்தில், ஒரு சமயத்தில் ஒரு சிலரே வேலை செய்து, தங்கள் கைகளாலேயே கல் அடுக்கிப் பேராலயம் ஒன்றை எழுப்பிய துறவிகள் அவர்கள். அச்சபையின் மரபே செபமும் உழைப்பும் அன்றோ! 1890-களில் அவர்கள் ஊட்ட மது ஒன்றைத் தயாரித்துச் சிறுசிறு அளவில் மருந்தாக விற்றனர். 1927-இல் அதை விற்கும் உரிமம் மடத்திற்கு இல்லாமற்போகவே, மது வணிகர்களோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். தயாரிப்பது மடம், விற்பது வணிகர். அன்றுமுதல் மருந்தின் சுவை குறைந்தது, விற்பனை பெருகியது.

அப்பானத்தில் 15 சதவீதம் மது உண்டு. பிரித்தானியாவில் விற்கும் 750 மில்லிலிட்டர் புட்டியொன்றில் ஏறத்தாழ 281 மில்லிகிராம் காஃபீனும் உண்டு. இன்றைய ஊக்கபான டின்கள் மூன்றரைக்கு இணையான அளவு அது. ஸ்காட்லாந்தின் தொழில் நலிந்த ஊர்களில், வேலையற்ற இளைஞர் அதைத் தமக்கெனத் தேர்ந்துகொண்டனர். அந்நாட்டு இளம் குற்றவாளிகளுக்கான சிறையொன்றில், குற்றம் புரிவதற்குமுன் மது அருந்தியிருந்த 117 பேரிடம் விசாரித்தபோது, 43 சதவீதத்தினர் இந்தப் பானத்தைக் குடித்ததாகக் கூறினர். ஸ்காட்லாந்தில் விற்கும் மது முழுவதிலும் இதன் பங்கோ மிகமிகச் சிறியது.

குற்றத்திற்குக் காரணம் வறுமையும் வேலையின்மையும் குடிப்பவரின் தவறான பயன்பாடுமே, பானம் அன்று என்பது இதைத் தயாரித்து விற்போர் தரப்பின் வாதம். அவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. புட்டி தானாகக் கத்தி எடுப்பதில்லை. ஆயினும் துறவிகளுடைய பெயர் பொறித்த புட்டி, வறிய இளைஞனின் கையில் இரவு நேரத்தில் இருப்பதை எண்ணும்போது, கத்தோலிக்கராகிய நமக்கு நெஞ்சு கனக்கவே செய்கிறது.

ஒன்றை மறவாமல் சொல்லவேண்டும். அயர்லாந்தின் கார்க் நகரில் 1838-இல் கப்புச்சின் சபைத் தந்தை தியோபால்டு மேத்யூ மதுவிலக்கு உறுதிமொழி இயக்கத்தைத் தொடங்கி இலட்சக்கணக்கானோரைக் குடியிலிருந்து விடுவித்தார். 1898-இல் டப்ளினில் இயேசு சபைத் தந்தை ஜேம்ஸ் கல்லன், இயேசுவின் திரு இருதயத்தின் பெயரால் மதுவை முற்றிலும் விலக்கிய 'முன்னோடிகள்' சங்கத்தை நிறுவினார். ஒரே திருச்சபையின் ஒரு கை புட்டியை நிரப்பியது. மறு கை அதைக் கவிழ்த்தது. ஆகவே இப்பொருளைக் குறித்து நாம் இளைஞரிடம் பேசும்போது நீதிபதியின் இருக்கையில் அமர்ந்து பேசுவதற்கு உரிமை உடையவர்கள் அல்லர். ஒரே படகில் இருப்பவராகவே பேசமுடியும்.

உழைப்பாளியின் பானம் மாணவன் கைக்கு

இன்றைய ஊக்கபானத்தின் பிறப்பிடம் ஆசியா. ஜப்பானில் 1962-இல் தைஷோ என்னும் மருந்து நிறுவனம், டாரின் என்ற பொருள் கலந்த 'லிப்போவிட்டான்' என்ற ஊட்ட பானத்தைச் சிறு புட்டிகளில் விற்றது. தாய்லாந்தில் 1970-களில் சாலியோ யூவித்யா என்பவர் 'கிராத்திங் டேங்' என்ற பானத்தைக் கொண்டுவந்தார். சிவப்புக் காட்டெருது என்பது அதன் பொருள். இரவெல்லாம் பாரவண்டி ஓட்டுவோரும் கூலித் தொழிலாளருமே அதன் முதல் வாடிக்கையாளர். தொழில்நிமித்தம் அங்கே சென்ற டீட்ரிக் மாட்டெஷிட்ஸ் என்ற ஆஸ்திரியர், நெடும் விமானப் பயணத்தின் களைப்பு அதைக் குடித்ததும் நீங்கக் கண்டு, சாலியோவுடன் கூட்டுச் சேர்ந்தார். 1987-இல் ஆஸ்திரியாவிலும் 1997-இல் அமெரிக்காவிலும் 'ரெட்புல்' விற்பனைக்கு வந்தது.

உழைப்பவன் உறங்காதிருக்கப் பிறந்த பானம் அது. மேற்கு நாடுகளில் அது நடன விடுதிகளையும் கல்லூரி வளாகங்களையும் நாடிச் சென்றது. அங்கே வோட்காவுடன் அதைக் கலந்து குடிக்கும் வழக்கம் பரவியது. நெடுநேரம் விழித்திருக்கலாம், நெடுநேரம் குடிக்கலாம் என்பதே அதன் கவர்ச்சி.

இந்த வழக்கத்தின் விளைவைக் கணக்கெடுத்தவர், வட கரோலினாவிலுள்ள வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தின் அவசர சிகிச்சை மருத்துவர் மேரி கிளேர் ஓ'பிரையன். அம்மாநிலத்தின் 10 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 4,271 மாணவரிடம் 2006-இல் அவரும் தோழர்களும் நடத்திய ஆய்வு 2008-இல் வெளிவந்தது. அண்மை 30 நாட்களில் மது அருந்திய மாணவருள் 24 சதவீதத்தினர், அதாவது ஏறக்குறைய நால்வரில் ஒருவர், ஊக்கபானத்தோடு கலந்து குடித்திருந்தனர். அவ்வாறு கலந்து குடித்தோர், மதுவை மட்டும் குடித்தோரைவிட அதிக அளவில் காயமுற்றனர். போதையில் இருப்பவர் ஓட்டும் வண்டியில் ஏறினர். பாலியல் வன்முறைக்கு ஆளாகியும் இருந்தனர், பிறரை ஆளாக்கியும் இருந்தனர். 2010-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், புளோரிடாவின் கல்லூரி வட்டார மதுக்கடைகளிலிருந்து இரவில் வெளியே வந்த 802 பேரை ஆய்வாளர் சோதித்தனர். கலந்து குடித்தோர் மிகுபோதையில் வெளியேறும் வாய்ப்பு மும்மடங்காக இருந்தது. அந்நிலையில் வண்டி ஓட்ட எண்ணும் வாய்ப்போ நான்கு மடங்கு.

துணிச்சல் மிகுந்த மாணவர்தாம் கலந்து குடிக்கிறார்கள், ஆகவே விபத்துக்குக் காரணம் அவர்களுடைய இயல்பே, கலவை அன்று என்று வாதிடும் அறிஞரும் உளர். இயல்புக்கும் பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் உடலுக்குள் நடப்பதை நோக்கினால், கலவையை முற்றிலும் விடுதலை செய்ய இயலாது.

உடலின் காவற்காரன்

மூளையில் அடினோசின் என்ற ஒரு வேதிப்பொருள் சுரக்கிறது. 'போதும், இனி ஓய்வுகொள்' என்று உடலுக்குச் சொல்லும் தூதுவன் அது. மதுவினால் வரும் தூக்கத்திற்கும் தள்ளாட்டத்திற்கும் அதுவும் ஒரு காரணம். காஃபீனோ அந்தத் தூதுவன் அமரவேண்டிய இருக்கையில் தானே அமர்ந்துகொள்கிறது. தூதுவன் வாசலில் நிற்க, செய்தி உள்ளே போவதில்லை.

குடிப்பவனுக்குக் கண் சுழன்று தூக்கம் வருவது இயற்கை அவனுக்கு வைத்துள்ள ஒரு காவல். அவன் உறங்கிவிடுவதால் மேலும் குடிப்பது நின்றுபோகிறது. காஃபீன் அந்தக் காவலைச் செயலற்றதாக்குகிறது. ஆனால் இரத்தத்திலுள்ள மதுவில் ஒரு துளியையும் அது குறைப்பதில்லை. மதுவை அகற்றும் வேலை கல்லீரலுடையது. அது தன் நிதானத்திலேயே வேலை செய்யும். காப்பியோ ஊக்கபானமோ அதை விரைவுபடுத்துவதில்லை. பிரேசில் நாட்டில் 26 இளைஞரைக் கொண்டு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மதுவோடு ஊக்கபானத்தைச் சேர்த்துக் குடித்தவர்கள் தலைவலியும் தளர்ச்சியும் குறைந்ததாகவும், தங்கள் உடல் ஒருங்கிணைப்பு நன்றாக இருப்பதாகவும் கருதினர். கருவிகள் அளந்து பார்த்தபோதோ அவர்கள் கைகளின் தடுமாற்றமும் கண் காட்சிக்குக் கை ஈடுகொடுக்கும் நேரமும் மதுவை மட்டும் குடித்தபோது இருந்தவாறே இருந்தன.

இங்கேதான் இப்பொருளின் உயிர்நாடி இருக்கிறது. இந்தக் கலவை போதையை நீக்குவதில்லை. போதையில் இருக்கிறோம் என்னும் அறிவை நீக்குகிறது. மதுவை மட்டும் குடித்தவனுக்குத் தன் நிலையைப் பற்றிச் சாட்சி சொல்ல அவன் உடலாவது மிஞ்சியிருக்கும். இவனுக்கு அந்தச் சாட்சியும் வாய் கட்டப்பட்டுப்போகிறது.

2010-ஆம் ஆண்டு இலையுதிர்காலம்

வோட்காவையும் ஊக்கபானத்தையும் தனித்தனியே வாங்கிக் கலக்கும் சிரமம்கூட வேண்டாம் என்று எண்ணினர் வணிகர். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்து வெளிவந்த மூவர் 2005-இல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். அவர்களுடைய 'ஃபோர் லோக்கோ' என்ற பானம், வண்ணமயமான பெரிய டின்களில், பழச்சுவைகளோடு கடைகளுக்கு வந்தது. ஏறத்தாழ 700 மில்லிலிட்டர் கொள்ளும் அந்த டின்னில் மது 12 சதவீதம். நான்கைந்து பீர் டின்களின் மது ஒரே டின்னில். அதோடு காஃபீன், டாரின், குவரானா. விலையோ மாணவர்க்கு எட்டுவதாக இருந்தது.

2010 அக்டோபர் மாதத்தில், வாஷிங்டன் மாநிலத்தின் ரோஸ்லின் என்ற சிற்றூரில், நடு வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் வீடொன்றில் கூடிக் களித்தனர். அன்றிரவு மாணவர் 9 பேர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எல்லாரும் 17 முதல் 19 வயதுக்கு உட்பட்டவர்கள். அந்நாட்டில் 21 வயது நிரம்பாதவர் மது வாங்கவே கூடாது. பானத்தில் யாரோ மயக்க மருந்தைக் கலந்துவிட்டதாகவே முதலில் காவல்துறையினர் ஐயுற்றனர். விசாரித்தபோது கடையில் விற்கும் டின்னே காரணம் என்று தெரிந்தது. ஒருவரின் இரத்தத்தில் மதுவின் அளவு 0.35 சதவீதத்தை எட்டியிருந்தது. உயிரையே பறிக்கக்கூடிய அளவு அது. நல்வாய்ப்பாக ஒருவரும் இறக்கவில்லை. நியூ ஜெர்சியின் ராமப்போ கல்லூரியோ, தன் மாணவர் சிலர் மருத்துவமனை சென்றதைக் கண்டு, அதே இலையுதிர்காலத்தில் அப்பானத்தை வளாகத்திலிருந்து விலக்கியிருந்தது.

அதன்பின் காரியங்கள் விரைந்தன. மாநிலங்கள் சில தடை விதித்தன. 2010 நவம்பர் 17 அன்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இவ்வகைப் பானங்களைச் செய்த 4 நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. தானிய மதுவில் காஃபீனைச் சேர்ப்பது பாதுகாப்பற்றது என்பது அக்கடிதத்தின் சாரம். அதற்கு முந்தின நாளே ஃபோர் லோக்கோ நிறுவனம், தன் பானத்திலிருந்து காஃபீனையும் டாரினையும் குவரானாவையும் நீக்குவதாக அறிவித்துவிட்டது. 1886-இல் அட்லாண்டாவில் நடந்த பிரிவினை, 124 ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் நடந்தது. அன்று மது வெளியேறியது. இம்முறை ஊக்கி வெளியேறியது.

சட்டம் எட்டாத இடம்

ஒரே டின்னில் கலந்து விற்பதைத்தான் சட்டம் தடுத்தது. இரண்டையும் தனித்தனியே வாங்கி ஒரு குவளையில் ஊற்றும் கையை அது தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. கனடாவில் ஊக்கபானத்தின் மேல் மதுவுடன் கலக்காதீர் என்னும் எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. லிதுவேனியா 2014-இலும், போலந்து 2024-இலும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஊக்கபானம் விற்பதையே விலக்கின. இவையெல்லாம் வேலிகள், வேலி வேண்டும்தான். ஆனால் வேலிக்குள் இருக்கும் பிள்ளையோடு பேசும் கடமை வேலியினுடையது அன்று, அது நம்முடையது.

நம் ஆண்டவர் கானாவூரில் தண்ணீரைத் திராட்சை மதுவாக்கினார். பலிபீடத்தில் நாளும் நாம் அதையே காணிக்கையாக்குகிறோம். ஆதலால் மதுவென்ற பொருளையே பாவம் என்று நம் திருச்சபை ஒருபோதும் கற்பித்ததில்லை. விழித்திருப்பதையும் அது மிக உயர்வாகவே மதிக்கிறது. ஒலிவத் தோட்டத்தில் ஆண்டவர் தம் சீடரிடம் கேட்டது ஒரு மணி நேர விழிப்பைத்தான். அன்றிரவு உறங்கிப்போன பேதுருவே பிற்காலத்தில் எழுதிய திருமுகத்தில், தெளிந்த அறிவையும் விழிப்பையும் ஒருசேர வைத்து அறிவுறுத்துகிறார். தெளிவு இல்லாத விழிப்பு எத்தகையது என்பதை ரோஸ்லின் வீட்டின் இரவு நமக்குக் காட்டுகிறது. கண் திறந்திருக்கும், காவல் இருக்காது.

அந்தத் தாயின் மகனை அடுத்த விடுமுறையில் சந்தித்தோம். கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் அமர்ந்து பேசினோம். "எதற்குத் தம்பி அந்த டின்?" என்று கேட்டோம். "பரீட்சைக்கு ராத்திரி முழிச்சுப் படிக்க, ஃபாதர்" என்றான். "பரீட்சை முடிந்த அன்றைக்கு?" என்றோம். அவன் தரையைப் பார்த்தான். நாமும் அதற்குமேல் கேட்கவில்லை. இக்கட்டுரையில் எழுதியவற்றைக் கதைபோல அவனுக்குச் சொன்னோம். திருத்தந்தையின் பதக்கத்தையும் துறவிகளின் புட்டியையும் மறைக்காமல் சொன்னோம். ஒருவேளை அதனால்தானோ என்னவோ, அவன் நிமிர்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்டான்: "அப்படிக் குடிச்சுட்டு ஒருத்தன் விழுந்துட்டா என்ன ஃபாதர் செய்யணும்?"

அந்தக் கேள்வி யாரைப் பற்றியது என்று நாம் கேட்கவில்லை. எழுப்பினால் எழாதவனுக்குக் காப்பி கொடுக்கக்கூடாது. குளிர்ந்த நீரை ஊற்றவும் கூடாது. வாந்தி மூச்சுக்குழாயில் அடைக்காதபடி ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். தூங்கினால் தெளிந்துவிடும் என்று தனியே விட்டுப் போகக்கூடாது. வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற அச்சத்தை விட்டு, 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போகவேண்டும். இவற்றைச் சொன்னோம். அவன் கைப்பேசியில் குறித்துக்கொண்டான்.

பிறகு அவன் தாயையும் பார்த்து, அன்று பாதியாகச் சொன்ன பதிலை முழுமையாகச் சொன்னோம். அன்புள்ள பெற்றோரே, உங்கள் பிள்ளையின் பையில் அப்படியொரு டின்னைக் கண்டால் அதை ஒளித்துவைக்கவும் வேண்டாம், ஊரைக் கூட்டவும் வேண்டாம். எதற்காக விழித்திருக்கிறாய் என்று அமைதியாகக் கேளுங்கள். பதில் வரும்வரை அருகில் இருங்கள். அந்த ஒரு மணி நேரம் விழித்திருக்க வேண்டியவர்கள் நாம்தாம்.